விமானம் ரத்து, அறை வாடகை யார் கணக்கில்?

மேற்கு லண்டனில் ஹேய்ஸ் என்று ஒரு பகுதி. சவுத்தாலுக்கு அடுத்தது, இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். 2025 மார்ச் 20, வியாழக்கிழமை நள்ளிரவை நெருங்கும் வேளையில் அங்குள்ள நார்த் ஹைட் துணை மின்நிலையத்தில் மின்மாற்றி ஒன்று பற்றி எரிந்தது. அக்கம்பக்கத்திலிருந்து சுமார் 150 பேரை வெளியேற்றினார்கள். அறுபதாயிரத்துக்கும் அதிகமான வீடுகள் இருளில் மூழ்கின. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹீத்ரோ விமான நிலையம் விடிவதற்குள் மூடப்பட்டது. ஐரோப்பாவிலேயே கூட்டம் அதிகம் புழங்கும் விமான நிலையம் வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. 1,300-க்கும் மேற்பட்ட விமானங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள். நடுவானில் இருந்தவை கிளாஸ்கோவுக்கும் ஷானனுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் திருப்பிவிடப்பட்டன.

காரணம் மூன்று மாதத்துக்குப் பிறகு வெளிவந்தது. மின்மாற்றியின் உயர் அழுத்த இணைப்புப் பகுதிக்குள் ஈரம் புகுந்ததே பெரும்பாலும் காரணம் என்றது பிரிட்டனின் தேசிய எரிசக்தி அமைப்பு இயக்க நிறுவனத்தின் அறிக்கை. ஈரப்பதம் கூடியிருப்பது 2018 ஜூலையிலேயே எண்ணெய்ப் பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. செய்யவேண்டியதை யாரும் செய்யவில்லை. ஏழு வருடம் கழித்து அதன் விலையைக் கொடுத்தவர்கள், அந்த மின்நிலையத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத பயணிகள்.

விமான நிலையம் வெள்ளிக்கிழமை மாலையே திறந்துவிட்டது; செய்திகளும் அத்தோடு வேறு பக்கம் போய்விட்டன. ஆனால் பயணிகளுக்கு உண்மையான சங்கடம் மறுநாள்தான். விமானம் ஓர் ஊரில் நிற்கும், அதை ஓட்டவேண்டிய விமானி வேறு ஊரில் இருப்பார். பணியாளர்களுக்குக் கட்டாய ஓய்வு நேரம் உண்டு. அதை மீற முடியாது. ஒரு நாள் மூடினால் ஒழுங்குக்கு வரப் பல நாள் ஆகும். சனிக்கிழமை வளைகுடா வழியாகச் சென்னைக்குப் புறப்படவேண்டிய எங்கள் விமானம் அப்படித்தான் ரத்தானது. கடைசி நேரத்தில், பெட்டிகளெல்லாம் உள்ளே போன பிறகு.

ரத்தானால் வந்த வழியே திரும்ப வேண்டும். குடியேற்றச் சோதனையைத் தாண்டி, பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருந்து, மறுபடி மறுநாள் வரிசையில் நிற்க வேண்டும். அந்தப் பெல்ட்டுக்குப் பக்கத்தில்தான் ஓர் அம்மாவும் ஐயாவும் நின்றிருந்தார்கள். மதுரைப் பக்கம். மகளுக்குப் பிரசவம் பார்க்க அபர்டீன் வந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். அபர்டீன் இருப்பது ஸ்காட்லாந்தின் வடகிழக்கில். மகள் வீட்டுக்குத் திரும்பிப் போவதென்றால் அதற்கே இன்னொரு விமானம் ஏறவேண்டும். ஐயாவின் ரத்த அழுத்த மாத்திரை செக்-இன் செய்த பெட்டிக்குள் இருந்தது. அது வரும்வரை அம்மாவின் கண் பெல்ட்டை விட்டு அகலவே இல்லை.

"தம்பி, நீங்க தமிழா? இந்தா, இந்தப் பேப்பரைக் குடுத்தாங்க. என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்று நாலாக மடித்த தாள் ஒன்றை நீட்டினார் அம்மா.

"ரூம் எடுத்தா நாமதான காசு குடுக்கணும்? அதுக்கு இங்கனயே உக்காந்துட்டு விடியக்காலம் கெளம்பிரலாம்" என்றார் ஐயா.

எழுபதை நெருங்கும் மனிதர். இரவு முழுக்க இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கத் தயாராகிவிட்டார். அவர் கையில் இருந்த தாளோ, அப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று அவருக்குச் சொல்வதற்காகவே அச்சிடப்பட்டது.

தாளில் என்ன இருந்தது?

விமானம் ரத்தானால் பயணியின் உரிமைகளை எழுத்தில் தரவேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி 261 அது. ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பிறகும் பிரிட்டன் அதைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. பிரிட்டனிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும் பயணிக்கு இந்த உரிமை உண்டு. எதிர்த் திசையில், அதாவது சென்னையிலிருந்து லண்டனுக்கு வரும்போது, விமானத்தை இயக்குவது பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். போகும்போது வளைகுடா விமானத்தில் இல்லாத பாதுகாப்பு, திரும்பும்போது அதே விமானத்தில் இருக்கிறது. பயணச்சீட்டு எடுக்கும்போது நம்மில் எத்தனை பேர் இதை யோசிக்கிறோம்?

சட்டம் தருவது இரண்டு. ஒன்று இழப்பீடு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 520 பவுண்டு வரை. ஆனால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய அசாதாரணச் சூழலில் இது கிடையாது. அடுத்தவர் மின்நிலையத்தில் பற்றிய தீக்கு விமான நிறுவனத்தைப் பொறுப்பாக்குவதும் முறையல்ல. இரண்டாவது பராமரிப்பு. காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற உணவு, இரவு தங்க நேர்ந்தால் ஓட்டல் அறை, போய்வர வண்டி, இரண்டு தொலைபேசி அழைப்பு. தீயோ வெள்ளமோ எரிமலையோ, எதைக் காரணம் காட்டியும் இதை மறுக்க முடியாது.

எரிமலை என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியட்லயோகுட் எரிமலை சாம்பலைக் கக்கியதில் ஐரோப்பிய வான்வெளி கிட்டத்தட்ட ஒரு வாரம் முடங்கியது. ஒரு லட்சம் விமானங்கள் ரத்து, ஒரு கோடிப் பயணிகளுக்குப் பாதிப்பு என்று கணக்கிட்டார்கள். போர்ச்சுகலின் ஃபாரோவிலிருந்து டப்ளின் திரும்பவேண்டிய ஐரிஷ் பெண் ஒருவர் ஒரு வாரம் அங்கேயே மாட்டிக்கொண்டார். சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து என்று ஏறக்குறைய 1,130 யூரோ செலவு. விமான நிறுவனமான ரயன்ஏர் தர மறுத்தது. இது சாதாரண அசாதாரணம் அல்ல, அதையும் தாண்டிய ஒன்று. இதற்கெல்லாம் பொறுப்பேற்கச் சொன்னால் நிறுவனமே தாங்காது என்பது அதன் வாதம். 2013 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பயணி எவ்வளவுக்கு எவ்வளவு கையறு நிலையில் இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அவருக்குப் பராமரிப்பு தேவை. தொகைக்கும் நாளுக்கும் உச்சவரம்பு இல்லை என்றது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தது. செலவு அவசியமானதாக, பொருத்தமானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் இது ஒன்று. ஊர்பேர் தெரியாத இடத்தில் இரவு பத்து மணிக்குக் கதவடைக்கப்பட்டு நிற்பவருக்கு இடம் தருவது யாரோ மனமிரங்கிச் செய்யும் உதவியல்ல, கடமை என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஐயாவிடம் இதைத்தான் சொன்னேன். "காசு அவங்க குடுக்கணும்யா. நீங்க கேக்கணும், அவ்வளவுதான்."

கேட்டோம். நிறுவனம் ஒதுக்கி வைத்திருந்த அறைகள் தீர்ந்துவிட்டன. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ரசீதை அனுப்புங்கள் என்றார் கவுன்டரில் இருந்த பெண். அவரும் காலையிலிருந்து நின்றபடி வேலை செய்கிறவர், குரல் கம்மியிருந்தது. அவர் சொன்னதை அவருடைய பெயரோடும் நேரத்தோடும் எழுதிக்கொண்டேன். பின்னால் பணம் கேட்கும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும். விமான நிலையத்தை ஒட்டிய ஓட்டல்களில் வாடகை வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஸ்லௌ நகரில், சுத்தமான சாதாரண ஓட்டல் ஒன்றில் அவர்களுக்கு அறை கிடைத்தது. பெட்டிகளை அறையில் வைத்து, வெந்நீர்க் கெட்டிலை எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கும் அங்கேயே ஓர் அறை எடுத்திருக்கலாம். ஆனால் ஸ்லௌவைத் தாண்டிச் சில மைலில், தேம்ஸ் நதிக்கு மேலே ஒரு குன்றில் கிளைவ்டன் மாளிகை இருக்கிறது. வருடக்கணக்காகப் படித்தும் படங்களில் பார்த்தும் ஏங்கிய வீடு. இரவுக்குப் பல நூறு பவுண்டு. அதை நிறுவனம் தராது என்று தெரிந்தேதான் போனேன். ஆடம்பர ஓட்டலுக்கும் மதுவுக்கும் செலவழித்ததைத் திரும்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் பயணிகளுக்கு வெளிப்படையாகவே சொல்கிறது.

யாருக்காகக் கட்டிய வீடு

மரங்களடர்ந்த நீண்ட பாதை. திருப்பத்தில் சிப்பி வடிவத்தில் பெரிய பளிங்கு நீரூற்று. அதைக் கடந்ததும் நேர்கோட்டில் மாளிகை. பகலில் தோட்டம், பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம். பொதுமக்கள் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கலாம். மாலையில் அவர்கள் போன பிறகு 376 ஏக்கரும் தங்கியிருப்பவர்களுக்குத்தான்.

உள்ளே நுழைந்ததும் கருவாலிப் பலகை போர்த்திய கூடம். சுவரில் பிரஸ்ஸல்ஸில் நெய்த போர்க்காட்சித் திரைச்சீலைகள். பிரான்ஸின் பர்கண்டி மாளிகை ஒன்றிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த கல் அடுப்பு; அதற்குள் நம் ஊர்ப் பெட்டிக்கடை ஒன்றையே வைத்துவிடலாம். பக்கச் சுவரில் ஜான் சிங்கர் சார்ஜன்ட் தீட்டிய நான்சி ஆஸ்டரின் ஓவியம். வெள்ளை உடை, கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார், நடந்துகொண்டே திரும்பி நம்மைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். வால்டார்ஃப் ஆஸ்டரை 1906-ல் மணந்தபோது மாமனார் கொடுத்த கல்யாணப் பரிசு இந்த வீடு! 1919-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர் அவர்.

மாளிகையின் கதை அவரோடு தொடங்கவில்லை. 1660-களில் பக்கிங்ஹாம் பிரபு எழுப்பியது. 1740-ல் வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக் இங்கே குடியிருந்தபோதுதான் 'ரூல் பிரிட்டானியா' முதன்முதலில் இந்தத் தோட்டத்தில் அரங்கேறியது. 1795-ல் வீடு எரிந்தது. பணிப்பெண் ஒருத்தி படுக்கையில் மெழுகுவர்த்தி வைத்துப் படித்ததுதான் காரணம் என்பது வழிவழியாக வரும் கதை. திரும்பக் கட்டினார்கள், 1849-ல் மறுபடியும் எரிந்தது. இப்போது நிற்பது, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பேரி 1851-ல் கட்டியது.

ஆஸ்டர்கள் காலத்து விருந்தினர் பட்டியல் மலைக்க வைக்கும். சர்ச்சில், பெர்னார்ட் ஷா, சார்லி சாப்ளின். என்னைக் கட்டிப்போட்ட பெயர் ஏமி ஜான்சன். 1930 மே மாதம் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண். வழி தவறி, எரிபொருள் தீரும் தறுவாயில் நம் ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். ரங்கூனுக்குப் பக்கத்தில் குதிரைப் பந்தயத் திடல் என்று நினைத்து ஒரு விளையாட்டு மைதானத்தில் இறக்க, பள்ளத்தில் மோதி விமானம் உடைந்தது. போன இடத்திலெல்லாம் யாரோ கதவைத் திறந்தார்கள், சாப்பாடு போட்டார்கள், இறக்கையைத் தைத்துக் கொடுத்தார்கள். பயணம் தடைபட்டவருக்கு முன்பின் தெரியாதவர்கள் செய்த உபசாரத்தில்தான் அந்தச் சாதனையே முடிந்தது.

கிளைவ்டனின் கதவு அப்படி எல்லோருக்கும் திறந்ததல்ல. அழைப்பு வந்தால்தான் வரலாம். 1961 ஜூலையில் ஒரு வார இறுதி. விருந்தினர்களில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் ஒருவர். அந்த நாட்களில்தான் இங்குள்ள நீச்சல் குளத்தருகே போர்த்துறைச் செயலர் ஜான் ப்ரொஃபியூமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அந்தத் தொடர்பால் இரண்டு வருடத்தில் ப்ரொஃபியூமோவின் பதவி போனது, அரசாங்கமே ஆட்டம் கண்டது. அந்தக் குளம் இன்றும் இருக்கிறது, விருந்தினர் நீந்துகிறார்கள். சரித்திரத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் கூடத்திலும் குளத்திலும் புழங்கியவைதான். எனக்கு வேண்டியிருந்தது அடுப்படியின் சரித்திரம்.

அதற்கு ஒரு சாட்சி உண்டு. நான்சி ஆஸ்டருக்கு முப்பது வருடத்துக்கு மேல் அந்தரங்கப் பணிப்பெண்ணாக இருந்த ரோஸினா ஹாரிசன், 1975-ல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். யார்க்ஷயர் கிராமத்தில் கல் கொத்துபவரின் மகள். உடைகளை எடுத்து வைப்பதும் நகைகளைக் காப்பதும் எஜமானியின் கோபத்தைத் தாங்குவதும் அவர் வேலை. ஒரு கட்டத்துக்கு மேல் அவரும் திருப்பிப் பேசினார். எஜமானி அதை ரசிக்கத் தொடங்கினார். அப்படிப் பல டஜன் பேர் இருந்தால்தான் இந்த வீடு நடக்கும்.

அந்த ஆட்கள் கிடைக்காமல் போனதும் வீடுகள் சாய்ந்தன. முதல் உலகப் போரில் வாரிசுகள் மடிந்தார்கள். மரணவரி நிலத்தைத் தின்றது. ஆலையும் கடையும் அலுவலகமும் கொடுத்த சம்பளத்தைப் பிரபு வீடு கொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974-ல் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் இதற்கென்றே ஒரு கண்காட்சி நடத்தி ஊரை உலுக்கியது. தப்பித்தவற்றில் சில நேஷனல் டிரஸ்டுக்குப் போயின. ஆஸ்டர்கள் 1942-லேயே கிளைவ்டனைக் கொடுத்துவிட்டார்கள். வேறு சில ஓட்டல்களாயின. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் ஷாரோ பே 1948-லும், சசெக்ஸில் கிரேவ்டை மேனர் 1958-லும் அந்தப் பாதையைத் திறந்தன. கிளைவ்டன் ஓட்டலானது 1985-ல்.

அன்று அழைப்பிதழ், இன்று கடன் அட்டை. இது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. கல் கொத்துபவரின் மகள் பின்வாசல் வழியாக நுழைந்த வீட்டில், பணம் சேர்த்துவைத்த யாரும் முன்வாசல் வழியாக நுழைந்து, பிரெஞ்சு மன்னரின் காதலி மதாம் த பொம்பதூர் பயன்படுத்திய மாளிகையிலிருந்து வாங்கிவந்த தங்கச் சித்திரப் பலகைகளுக்கு நடுவே காலை உணவு சாப்பிடலாம். நானும் சாப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே பூம்பாத்திகள் ஒழுங்காக இறங்கிக்கொண்டே போய் நதியில் முடிகிற காட்சியை வாழ்நாளில் மறக்கமாட்டேன். அந்தப் படுக்கையில் தூங்கிய தூக்கமும் அப்படித்தான். ஆனால் அது என் காசு, என் ஆசை. அந்த ஐயாவுக்கு ஸ்லௌவில் கிடைத்த சாதாரண அறை வேறு வகை. அதற்கு அந்தஸ்தும் தேவையில்லை, சேமிப்பும் தேவையில்லை. கையில் ஒரு பயணச்சீட்டு இருந்தால் போதும். மாளிகையைவிடப் பெரிய சாதனையாக எனக்குப் படுவது அந்த அறைதான்.

கதவு திறக்காத இடம்

அந்த உரிமையும் ஓர் இடத்தில் முட்டிக்கொள்கிறது. இந்தியக் கடவுச்சீட்டோடு ஹீத்ரோவில் விமானம் மாறுகிறவர்கள், வெளியே வராமல் மாறுவதற்கே தனி விசா வாங்க வேண்டும். அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் விசா வைத்திருப்போருக்குச் சில விலக்குகள் உண்டு. அவை இல்லாதவரின் விசா, எல்லைச் சோதனையைத் தாண்ட அனுமதிப்பதில்லை. விமானம் ரத்தானால் ஓட்டல் சீட்டு கையில் இருக்கும்; ஓட்டல் எல்லைக்கு அப்பால் இருக்கும். அதிகாரி தன் விருப்புரிமையில் அனுமதித்தால் உண்டு, இல்லையென்றால் உள்ளேயே நாற்காலிதான். ஒரே வரிசையில் ஒரே விமானத்துக்கு நின்ற இருவரில் ஒருவருக்குக் கட்டில், ஒருவருக்கு நாற்காலி. பெருந்தடை ஏற்படும் நாட்களில் ஓர் இரவு அனுமதி தானாகவே கிடைக்கும் ஏற்பாட்டை இந்திய அரசு வற்புறுத்திப் பெறவேண்டும். தன் குடிமக்களுக்காகப் பேரம் பேச எத்தனையோ மேசைகளில் அமர்கிறது, இதையும் பேசலாம்.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. விமானம் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்படவேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ ஓட்டல் அறை தரவேண்டும் என்கிறது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். சென்னையிலும் மதுரையிலும் நள்ளிரவில் தரையில் துண்டு விரித்துப் படுக்கிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கேள்விப்பட்டதில்லை. கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை.

ஊர் திரும்பியதும் அந்த அம்மா, ஐயாவுக்காக மனு எழுதிக் கொடுத்தேன். பயணச்சீட்டு எண், ரத்தான செய்தி, கவுன்டரில் சொன்னது, அறை ரசீது, டாக்ஸி ரசீது, இரண்டு வேளைச் சாப்பாட்டு ரசீது. பல வாரம் பதில் இல்லை. நினைவூட்டிய பிறகு முழுத் தொகையும் வந்தது. என் மனுவுக்கு, அக்கம்பக்கத்துச் சாதாரண ஓட்டலுக்கு என்ன ஆகியிருக்குமோ அதை மட்டும் கொடுத்து மீதியை மறுத்தார்கள். நான் கேட்டதும் அவ்வளவுதான்.

நிறுவனம் இழுத்தடித்தால் இங்கிலாந்தில் வழக்குப் போட ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. 2025 மார்ச்சில் அங்கே மாட்டிக்கொண்டு, கைக்காசு போட்டு அறை எடுத்து, போனது போகட்டும் என்று விட்டவர்கள் ரசீதையோ வங்கிக் கணக்கு அறிக்கையையோ தேடி எடுக்கலாம். 2031 வரை நேரம் இருக்கிறது.